சிப்பர் வாங்கும் முன் வாயை அளந்து பாருங்கள்: டிராக்டரா, எஞ்சின் டிராலியா, மோட்டாரா?

மாங்காய் லோடு போய் முடிந்து, ஆவணியில் கவாத்தும் முடிகிறபோது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டணம், பர்கூர், வேப்பனப்பள்ளிப் பக்கத் தோப்புகளில் வரப்போரமெல்லாம் ஆளுயரத்துக்குக் கிளை குவிந்து கிடக்கும். நாலு அங்குலத்துக்கு மேல் கனமுள்ளது விறகாகக் காசாகிவிடும். மிச்சம் இலையும் சுள்ளியும் கவையும்தான். கொளுத்தினால் பக்கத்து மரத்தின் தாழ்ந்த கிளை கருகும். விட்டுவைத்தால் கரையான் ஏறும். இதைச் சில்லாக நறுக்கி மரத்தடியில் மூடாக்காகப் போட சிப்பர் வாங்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் அடுத்த அடியிலேயே நின்றுவிடுகிறார்கள். டிராக்டரில் மாட்டுவதா, தனி எஞ்சின் வைத்த டிராலியா, கரண்டில் ஓடுவதா?

விற்பவர் காட்டுவது ஆறு அங்குல உருட்டுக் கட்டை. கட்டை உள்ளே போய்த் தூளாக வருவதைப் பார்த்து மனம் மயங்கி வாங்கிவிடுவோம். ஆனால் அந்தக் கட்டை உங்களிடம் மிச்சமே இருக்காது, விறகுக்குப் போயிருக்கும். உங்களிடம் இருப்பது கவைக்கிளை. அதற்கு வேண்டியது கனத்தை நறுக்கும் பலம் அல்ல. விரிந்த, தாழ்ந்த வாயும், குவியலின் பக்கத்திலேயே போய் நிற்கிற உடம்பும்தான்.

முதலில் அளவுகோல்கள்

வாயின் உயரம். கிளையைப் போடும் வாயான ஹாப்பரின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில், அதாவது இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தால் நல்லது. பன்னிரண்டு அடிக் கிளையின் அடிமுனையை விளிம்பில் சாய்த்துவிட்டால் பாதிப் பாரத்தை மெஷினே தாங்கிக்கொள்ளும், ஆள் தள்ளினால் போதும். அதே விளிம்பு நாலடியில் இருந்தால் ஒவ்வொரு கிளையையும் நெஞ்சுக்குத் தூக்க வேண்டும். மதியத்துக்குள் தோள் போய்விடும். இரண்டடிக்குக் கீழே போவதும் கூடாது. குனிந்தே வேலை செய்ய வேண்டியிருக்கும், கால் இடறினால் உள்ளே சாய்கிற ஆபத்தும் உண்டு.

வாயின் விரிவு. கத்திக்கு முன்னால் உள்ள துவாரம் ஆறுக்கு எட்டு அங்குலம் இருந்தாலே மாங்கிளைக்குப் போதும். ஆனால் வெளிவாய் இரண்டேகால் அடியாவது அகலம் வேண்டும். கவை அந்தச் சரிவில் மோதி, மடங்கி, ஒடுங்கி உள்ளே போகும். வாய் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு கவையையும் அரிவாளால் கழித்துவிட்டுத்தான் போட முடியும். அதற்கு ஒரு ஆள் கூலி தனி.

கை எட்டாத தூரம். வெளி விளிம்பிலிருந்து, கிளையை உள்ளே இழுக்கும் உருளை அல்லது கத்தி வரை ஐந்தடி இருக்க வேண்டும். இதில் பேரம் பேசக் கூடாது.

சாலையில் போகும் அளவு. மடித்துக் கட்டிய பிறகு நீளம், அகலம், உயரம், எடை. டாடா ஏஸ் பெட் ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். அதில் ஏற்ற வேண்டுமென்றால் ஆறரைக்கு நாலரை அடிக்குள் அடங்க வேண்டும்.

அடைப்பு எடுக்கும் நேரம். மேல்மூடி ஒரு கீலும் இரண்டு போல்ட்டுமாக இருந்தால் ஐந்து நிமிடம். எட்டுப் போல்ட் என்றால் அரை மணி நேரம், கூடவே ஒரு போல்ட் புல்லில் தொலையும்.

நீண்ட வாயும் குட்டி வண்டியும்

மேலே சொன்னவற்றில் இரண்டு ஒன்றையொன்று இழுக்கும். கை எட்டாமலிருக்க வாய் நீளமாக வேண்டும், வண்டியில் ஏற வாய் குட்டையாக வேண்டும். இதற்கு வழி மடிப்பு வாய்தான். மடிப்பு எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே மெஷினின் தரம் பாதி தெரிந்துவிடும்.

கணக்கு இது. உருளைப் பெட்டியும், கத்தி மாட்டிய சுழல்தட்டான டிஸ்க்கும் சேர்ந்த உடம்பு நாலடி, வாய் ஐந்தடி. மொத்தம் ஒன்பதடி. வாயின் வெளிப்பாதியில் 800 மில்லிமீட்டரை மேல்நோக்கி மடித்தால் நீளம் ஆறரை அடிக்குள் வந்துவிடும். மடித்த பலகை செங்குத்தாக நிற்கும்போது தரையிலிருந்து ஐந்தடி உயரம் வரும். அது வண்டிக்குத் தொந்தரவில்லை.

மடிக்கிற பகுதியைப் பக்கச் சுவரோடு சேர்த்தால் ஒன்றேகால் சதுர மீட்டர் தகடு ஆகும். 2 மில்லிமீட்டர் தகட்டில் 20 கிலோ, 3 மில்லிமீட்டரில் 30 கிலோ. கனத் தகடுதான் உறுதி என்று பட்டறையில் 3 மில்லிமீட்டரைப் போட்டுவிடுவார்கள். ஒரு ஆளால் தூக்கி மடிக்க முடியாமல் போகும். பிறகு யாரும் மடிக்க மாட்டார்கள், திறந்தபடியே ஓட்டிக்கொண்டு போவார்கள். மடிப்புப் பகுதிக்கு 2 மில்லிமீட்டர் தகடு போதும். விளிம்பைச் சுற்றி அரை அங்குல ராடு வளைத்து வெல்டு செய்தால் நெளியாது, கையையும் கிழிக்காது.

கீலுக்கு வெறும் கதவுக் கீல் ஆகாது. கிளை மோதி மோதி மூன்று மாதத்தில் ஆட்டம் காணும். கனமான பைப்புக்குள் ராடு போட்ட கீலாக இருக்கட்டும். பூட்டுவதற்கு இரு பக்கமும் ஒரு பின், பின் தொலையாமலிருக்க ஒரு சங்கிலி. வாய் மடித்திருக்கும்போது எஞ்சின் ஓடாதபடி ஒரு லிமிட் சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். செலவு சொற்பம்.

சரிவா, உருளையா

வாயின் உயரத்தைத் தீர்மானிப்பது இதுதான். கிளை தன் பாரத்தால் சறுக்கி உள்ளே போக வேண்டுமென்றால் வாய் 40 முதல் 45 பாகைச் சரிவில் நிற்க வேண்டும். அப்போது விளிம்பு தானாகவே மூன்றரை, நாலடிக்கு ஏறிவிடும். "சின்ன மெஷின், ஏற்றுவது சுலபம்" என்று நினைப்பது இங்கேதான் தவறுகிறது. சின்ன மெஷினில்தான் வாய் உயரமாக இருக்கும்.

பல்லுள்ள இழுப்பு உருளை இருந்தால் வாயைப் படுக்கையாக வைக்கலாம், விளிம்பு இடுப்புக்கு வந்துவிடும். உருளைக்கு ஹைட்ராலிக் மோட்டார், பம்பு, எண்ணெய் டேங்க் என்று எடையும் விலையும் ஏறும். ஆனாலும் மாந்தோப்புக்கு உருளை வைத்ததுதான் சரி. காரணம், சுள்ளி தானாக இறங்காது. கனமான கிளையைக் கத்தியே இழுத்துக்கொள்ளும். விரல் கனச் சுள்ளி வாயிலேயே சிக்கி நிற்கும், ஆள் கையால் தள்ளுவான். விபத்து அப்போதுதான் நடக்கிறது. உருளை இல்லாத மெஷினில் தள்ளுவதற்கு இன்னொரு கிளையை மட்டுமே எடுக்க வேண்டும். கடப்பாரையும் கூடாது, கவைக்கம்பும் கூடாது.

உருளை வாங்கினால் இரண்டைக் கேளுங்கள். டிஸ்க்கின் வேகம் குறைந்தால் உருளை தானாக நிற்க வேண்டும், வேகம் திரும்பியதும் தானாகச் சுற்ற வேண்டும். வாயின் மேல்விளிம்பில் நிறுத்தவும் பின்னோக்கிச் சுற்றவும் ஒரு கம்பி வேண்டும், விழுகிறவன் உடம்பு பட்டாலே வேலை செய்கிற இடத்தில்.

டிராக்டர் பிடிஓவில் மாட்டுவது

டிராக்டரின் பின்பக்க மூன்று கைத் தூக்கியான த்ரீ பாயிண்ட்டில் தூக்கி, எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்துத் தரும் பிடிஓ ஷாஃப்டில் ஓடும் வகை. நிமிடத்துக்கு 540 சுற்றில் வரும் ஷாஃப்டை பெல்ட் புல்லியில் இரட்டித்து டிஸ்க்கை 1,080 சுற்றுக்குக் கொண்டுபோவார்கள். 600 மில்லிமீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் கனமுள்ள டிஸ்க் மட்டும் 55 கிலோ இருக்கும். அந்தப் பாரம் சுழலும் வேகம்தான் கவையின் முடிச்சு வரும்போது தடுமாறாமல் நறுக்குகிறது. மொத்த எடை 350 முதல் 450 கிலோ. 35 குதிரைத்திறன் டிராக்டர் தாராளமாக இழுக்கும். 24 குதிரைத்திறன் மினி டிராக்டரிலும் மூன்று அங்குலம் வரை நிதானமாக ஓட்டலாம்.

இதன் பெரிய நன்மை, ஏற்றி இறக்கும் வேலையே இல்லை. தூக்கிக்கொண்டு போய்க் குவியலடியில் இறக்கலாம். வாயின் உயரத்தையும் லிஃப்ட் லீவரில் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் மெஷினை உயரத் தூக்கிய நிலையில் பிடிஓவை ஓட்டக் கூடாது, ஷாஃப்ட் மூட்டிலுள்ள சிலுவைப் பேரிங் உடையும்.

வெளியே தெரியாத செலவு இதில்தான் அதிகம். ஒரே டிராக்டர் வைத்திருப்பவர் அன்றைக்கு டிப்பர் இழுக்க முடியாது. சில்லு தரையில் கொட்டும், பிறகு அள்ளுவதற்குத் தனிக் கூலி. மரத்தடியிலேயே மூடாக்காக விடுவதானால் இந்தப் பிரச்சினை இல்லை. அடுத்தது ஷாஃப்ட் நீளம். உங்கள் டிராக்டருக்கு அளந்து வெட்டிய ஷாஃப்ட் பக்கத்து வீட்டு டிராக்டருக்குப் பொருந்தாது. உள்ளே செருகியிருக்கும் நீளம் மூன்றில் ஒரு பங்காவது இல்லையென்றால் திருப்பத்தில் கழன்று அடிக்கும். வாடகைக்கு விட நினைப்பவர்கள் இரண்டு ஷாஃப்ட் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிடிஓவை நிறுத்தியும் கனத்த டிஸ்க் ஒன்றிரண்டு நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கிளட்ச் இல்லாத ஷாஃப்டில் அந்தச் சுழற்சி திரும்பி டிராக்டரின் கியர்ப் பெட்டியைத் தள்ளும். பழைய டிராக்டரில் கிளட்ச் மிதித்த பிறகும் வண்டி நகரப் பார்ப்பது இதனால்தான். இந்தக் கிளட்ச்சை ஷாஃப்டோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

மலைச்சரிவுக்கு ஒரு எச்சரிக்கை. வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரிப் பாதைகளில் பின்னால் 400 கிலோ தொங்கினால் முன்சக்கரம் இலேசாகும், ஸ்டியரிங் பேசாது. முன்பக்க வெயிட் போடாமல் ஏறாதீர்கள்.

எஞ்சின் வைத்த டிராலி

13 முதல் 15 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், இரண்டு சக்கரம், இழுவைக் கொக்கி. எடை 200 முதல் 300 கிலோ. டீசல் எஞ்சின் என்றால் 500 தாண்டும், ஏஸ்ஸில் ஏற்றும் பேச்சே வேண்டாம், இழுத்துத்தான் போக வேண்டும்.

இது யாருக்கு என்றால், பல ஊர்களில் சிதறிய தோப்புள்ளவருக்கும் வாடகை ஓட்டுபவருக்கும். காவேரிப்பட்டணத்திலிருந்து வேப்பனப்பள்ளிக்கு டிராக்டரிலேயே போனால் காலைப் பொழுது சாலையில் கழியும். ஏஸ்ஸில் போட்டால் காப்பி குடித்துவிட்டுப் போய் வேலையைத் தொடங்கலாம்.

ஏற்றுவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட் உயரம் இரண்டரை அடி, சாய்ப்புப் பலகை எட்டடி, மெஷின் 250 கிலோ. மேலே தள்ள ஏறக்குறைய 80 கிலோ விசை வேண்டும். இரண்டு ஆள் முக்கித் தள்ளுவார்கள். நடுவில் ஒருவன் கால் வழுக்கினால் அவ்வளவுதான். கேபின் பக்கம் ஒரு கை வின்ச் பொருத்தினால் ஒரே ஆள் ஏற்றிவிடலாம். பலகை ஆறடியாக இருந்தால் விசை நூறு கிலோவைத் தாண்டும். பலகையைச் சின்னதாக வாங்கி மிச்சம் பிடிக்கக் கூடாது.

டிராலியில் பலரும் கவனிக்காமல் விடுவது சமநிலை. மெஷினின் பாரம் கொக்கியில் 25 கிலோவாக இறங்குகிறது, கொக்கி அச்சிலிருந்து ஐந்தடி என்று வைத்துக்கொள்வோம். வண்டியிலிருந்து கழற்றி நிறுத்தி, பின்வாயைத் திறக்கிறீர்கள். 20 கிலோ தகடு, அதன் மேல் 15 கிலோ கிளை, அச்சிலிருந்து ஆறடி பின்னால். 25ஐ 5ஆல் பெருக்கினால் 125. 35ஐ 6ஆல் பெருக்கினால் 210. கொக்கி வானத்தைப் பார்க்கும், ஓடுகிற மெஷின் ஆள் மேல் சாயும். அதனால் பின்பக்கம் இரண்டு ஊன்றுகால் கட்டாயம். முதலில் ஊன்றுகால், பிறகு வாய். மடிக்கும்போது இதே வரிசை தலைகீழாக.

மறைந்த செலவென்று பார்த்தால், முழுப் பளுவில் மணிக்கு 3 முதல் 4 லிட்டர் பெட்ரோல். மாவிலைத் தூசி ஏர் ஃபில்டரை அரை நாளில் அடைக்கும், தினம் தட்ட வேண்டும். பெல்ட் தளர்ந்தால் டிஸ்க் வேகம் குறைந்து, சில்லை வெளியே வீச முடியாமல், சில்லு வெளியேறும் வாய்க்குழாயின் வளைவில் அடைக்கும். ஆட்கள் கத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்துக் கழற்றுவார்கள். முதலில் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். உழுத நிலத்தில் சின்னச் சக்கரம் புதையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாய்க்குழாய் எல்லா வகைக்கும் பொதுவான விஷயம். டிப்பரில் கொட்ட ஏழடி உயரம் வேண்டும், அதே உயரத்தில் தோப்புக்குள் நகர்த்தினால் கிளையில் மாட்டும். கீல் வைத்து மடிகிற குழாயாக இருக்கட்டும்.

கரண்டு மோட்டார்

3 குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் அல்லது 5 முதல் 7.5 குதிரைத்திறன் த்ரீ ஃபேஸ். எடை 80 முதல் 150 கிலோ, கையால் தள்ளலாம். இது தோப்புக்கான மெஷின் அல்ல. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு மனையை ஒட்டிச் சேரும் மல்பெரித் தண்டுக்கும், வீட்டோரத் தென்னை மட்டைக்கும் பொருந்தும். பொருள் மெஷினிடம் வருகிற இடத்தில் இது நல்லது. பொருளிடம் மெஷின் போக வேண்டிய இடத்தில் வயர்தான் எஜமான்.

அந்த வயரையே பாருங்கள். 3 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 15, 16 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரை 50 மீட்டர் இழுத்தால் 12 வோல்ட் குறையும், அது பரவாயில்லை. ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது ஐந்து மடங்கு ஆம்பியர் போகும், 60 வோல்ட் இறங்கும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், கெப்பாசிட்டர் போகும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள், இல்லையென்றால் மெஷினை மீட்டர் பக்கம் தள்ளுங்கள். விவசாய இலவச இணைப்பு பாசனப் பம்புசெட்டுக்குத்தான். அதில் சிப்பரை மாட்டி ஓட்டலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். த்ரீ ஃபேஸ் வரும் நேரத்துக்கும் உங்கள் ஆள் வரும் நேரத்துக்கும் ஒத்துப்போகுமா என்பது இன்னொரு கேள்வி.

மல்பெரித் தண்டு மெல்லியது, ஆனால் பட்டை நார் உரியும். கத்தி கொஞ்சம் மழுங்கினாலும் நறுக்காமல் நாராக உரித்து ஷாஃப்டில் சுற்றிவிடும், பேரிங் சூடேறும். கட்டுக் கட்டாக, அடிமுனை முதலில் போக வேண்டும். தென்னை மட்டையில் அடிக்கொண்டையை வெட்டிக் கழித்துவிட்டுப் போடுங்கள். தென்னைச் சில்லை மழையில் குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பரப்பிவிடுங்கள்.

ஒரே பார்வையில்

| | டிராக்டர் பிடிஓ | எஞ்சின் டிராலி | மோட்டார் |
|---|---|---|---|
| வாயின் உயரம் | 2½ அடி, கூட்டிக் குறைக்கலாம் | 2½ அடி (உருளை இருந்தால்) | 3½ அடிக்கு மேல் |
| வசதியாக ஏற்கும் கிளை | 4 அங்குலம் | 3 அங்குலம் | 1½ அங்குலம் |
| எடை | 350–450 கிலோ | 200–300 கிலோ (பெட்ரோல்) | 80–150 கிலோ |
| தூரப் பயணம் | நேரம் தின்னும் | ஏஸ்ஸில் ஏறும் | ஏஸ்ஸில் ஏறும் |
| நெருக்க நடவுத் தோப்பு | மினி டிராக்டர் மட்டும் | கையால் தள்ளலாம் | வயர் எட்டாது |
| கவனிக்காத செலவு | டிராக்டர் முடங்குவது | பெட்ரோல், ஃபில்டர், பெல்ட் | வயர், கெப்பாசிட்டர் |

யாருக்கு எது

சொந்த டிராக்டர், 10 மீட்டர் இடைவெளிப் பழைய தோப்பு, எல்லாம் ஒரே இடத்தில்: பிடிஓ வகை, மறுபேச்சில்லை. 5 மீட்டர் நடவில் பெரிய டிராக்டர் திரும்பும்போது கிளை முறியும். மினி டிராக்டரோ டிராலியோதான். சிதறிய நிலமும் வாடகை யோசனையும் இருந்தால் டிராலி. பட்டுப்புழு மனைக்கு மோட்டார்.

வருடத்தில் இரண்டு நாள்தான் வேலை என்றால் எதையும் வாங்காதீர்கள். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ வாடகைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். வாடகை மணிக்கணக்கு. அதனால் மெஷின் வருவதற்கு முந்தின நாளே கிளைகளின் அடிமுனையெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கிவையுங்கள். தாறுமாறாகக் கிடக்கும் குவியலில் கிளையை உருவியெடுக்கவே பாதி வாடகை போய்விடும்.

மானியம் எதிர்பார்ப்பவர்கள் கவனிக்க: அது அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாடலுக்குத்தான் வரும். உள்ளூர்ப் பட்டறையில் செய்ததற்கு வராது. பட்டறை மெஷினில் மடிப்பும் உயரமும் உங்கள் இஷ்டம் என்பது அதற்கு ஈடு.

எதை வாங்கினாலும் கத்தி

சுழலும் கத்திக்கும் அசையாத அடிக்கத்திக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். அளக்க ஃபீலர் கேஜ் வேண்டாம். ஆக்ஸா பிளேடு ஒன்று 0.6 மில்லிமீட்டர் கனம். ஒரு பிளேடு தாராளமாக நுழைய வேண்டும், இரண்டைச் சேர்த்து நுழைத்தால் நுழையக் கூடாது. எஞ்சினாக இருந்தால் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, டிராக்டராக இருந்தால் பிடிஓ ஷாஃப்டையே கழற்றிவிட்டு, டிஸ்க்கைக் கட்டையால் முட்டுக் கொடுத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

சாணை பிடிக்கும்போது எல்லாக் கத்தியையும் ஒன்றாகக் கொடுங்கள். எடை வித்தியாசப்பட்டால் டிஸ்க் உதறும். முனை நீலம் பூத்தால் பதம் போய்விட்டது, அந்தக் கத்தி ஒரு நாள் கூடத் தாங்காது. கத்தியைக் கெடுப்பது மரமல்ல, கிளையோடு இழுபட்டு வரும் மண். டிராக்டரில் கட்டித் தரையில் தரதரவென்று இழுத்து வந்த கிளையைப் போட்டால் எந்தக் கத்தியும் நிற்காது. மாம்பால் டிஸ்க்கில் ஒட்டி இறுகும், சாயங்காலம் டீசல் துணியால் துடைத்துவிடுங்கள்.

பார்த்து வாங்கப் போகும்போது உங்கள் தோப்பிலிருந்தே மூன்று கிளை எடுத்துக்கொண்டு போங்கள். நேரான ஒன்று, அகலக் கவையுள்ள ஒன்று, இலையோடு ஒரு கட்டுச் சுள்ளி. மெஷினை மடித்த நிலையில் வைக்கச் சொல்லி, ஒரே ஆளை விட்டுத் திறக்கச் சொல்லுங்கள், நேரம் பாருங்கள். பிறகு மூன்றையும் அந்த ஆளே போடட்டும். எத்தனை தடவை அரிவாளைத் தேடுகிறான், எத்தனை தடவை உள்ளே கையை விடப் பார்க்கிறான் என்று எண்ணுங்கள். விலை பேசுவது அதற்கப்புறம்.